கேட்ட வசனத்தின்படி நடப்பது எப்படி? விசுவாச வாழ்க்கைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். அது வரவேற்பறைச் சுவரில் ஆண்டு முழுவதும் தொங்கும். அந்த அட்டைகளில் அடிக்கடி அச்சாகும் வசனங்களுள் ஒன்று, "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது. எபிரெயர் 13:5-ஐ வேதாகமத்தில் திறந்து பார்த்தால், அந்த வாக்குத்தத்தம் வசனத்தின் பின்பாதி மட்டுமே என்பது தெரியும். முன்பாதி, "நீங்கள் பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்" என்ற கட்டளை. அட்டையில் இடமில்லாததால் அது விடுபட்டதாகச் சொல்லலாம். எனக்கென்னவோ இடம் மட்டும் காரணமாகத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்த முன்பாதியைப் பற்றியது. அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், திடப்படுத்தல் ஆராதனையில் உடன்படிக்கை செய்தவர்கள், பிறந்தது முதல் சபையில் இருந்தும் இப்போதுதான் விசுவாசத்தை மெய்யாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கீழ்ப்படிதல் என்றதும் பலருக்கும் ஊழியத்துக்குப் புறப்படுவது, வேலையை விடுவது, தூரதேசம் செல்வது ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. நீங்கள் ஏற்கனவே அறிந்திருக்கும், ஆனால் இன்னும் செய்யாமல் வைத்திருக்கும் ஒரு சிறிய கட்டளையிலிருந்து தொடங்குவதே சரியான வழி.

தொடங்கும் முன் தெளிவாக வேண்டியது

கீழ்ப்படிவதனால் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது. எபேசியர் 2:8 முதல் 10 வரை உள்ள மூன்று வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள்: கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்று தொடங்கும் பகுதி, நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று முடிகிறது. பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது முதலில், வீட்டு வேலை அதன் பின்னரே. இந்த வரிசை மாறினால், கீழ்ப்படிதல் பயத்தினால் செய்யும் கூலிவேலையாகிவிடும். சில மாதங்களில் சோர்ந்துபோவீர்கள், அல்லது அதைவிட மோசமாக, சோராமல் மற்றவர்களைத் தீர்ப்பிடத் தொடங்குவீர்கள்.

முதல் படி: கட்டளைகளைக் கட்டளைகளாக வாசித்தல்

மத்தேயு 5, 6, 7 ஆகிய மூன்று அதிகாரங்களில் இருக்கும் மலைப்பிரசங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 111 வசனங்கள்தாம். நிதானமாக வாசித்தாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சபைகளில் வழக்கமாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலின் நடை கடினமாக இருந்தால், 1995-இல் வெளியான திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தவறில்லை. வாசிக்கும்போது ஆறுதலான வரிகளைக் கோடிடும் பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, 'செய்', 'செய்யாதே' என்று வரும் இடங்களை மட்டும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பிறகு அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்குகிறவர்கள் புதன்கிழமைக்குள் எதையும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், எந்த வசனத்தை வாசிக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஆளின் முகம் நினைவுக்கு வந்ததோ, அதைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். அந்த வசனத்துக்கு நேரே அந்த ஆளின் பெயரையும், எந்த நாளுக்குள் செய்து முடிப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆளும் நாளும் இல்லாத தீர்மானம் 'இனிமேல் எல்லாரிடமும் அன்பாக இருப்பேன்' என்ற அளவில் நின்றுவிடும். அதை மீறினாலும் தெரியாது, கைக்கொண்டாலும் தெரியாது.

இரண்டாம் படி: செய்துமுடித்தல்

மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில் இயேசு இரண்டு குமாரரைப் பற்றிச் சொல்கிறார். திராட்சத்தோட்டத்தில் போய் வேலை செய் என்று தகப்பன் சொன்னபோது, மூத்தவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிற்பாடு மனஸ்தாபப்பட்டுப் போனான். இளையவன் போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. நம் சபைகளில் இளைய குமாரர்கள் மிகுதி. வசனம் கேட்டதும் கண்ணீர் வருவதும், பாடல் வேளையில் கை உயர்வதும், கூட்டத்தின் முடிவில் அர்ப்பணிப்புக்காக முன்னே போவதும் 'போகிறேன் ஐயா' என்று சொல்வது மட்டுமே. தோட்டத்துக்குப் போனானா என்பதுதான் கேள்வி.

பேச்சிலிருந்து தொடங்குவது எளிது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற கட்டளையை ஒரே ஒரு நாள் கைபேசி உரையாடல்களில் கடைப்பிடித்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டே 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது, அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லப் பிள்ளையை வாசலுக்கு அனுப்புவது, செய்யாத ஜெபத்தைப் பற்றி 'உங்களுக்காக ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன்' என்பது ஆகிய இவையெல்லாம் எத்தனை சரளமாக வாயில் வருகின்றன என்பது அன்றைக்குத் தெரியும். கடைசியாகச் சொன்னதற்கு எளிய மாற்று உண்டு: யாராவது ஜெபிக்கக் கேட்டால், அங்கேயே நின்று இரண்டு வரி ஜெபித்துவிடுங்கள்.

ஒப்புரவு இதைவிடக் கடினமானது. மத்தேயு 5:23, 24 சொல்வதைக் கவனியுங்கள்: காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அது சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் மனவருத்தம் இருந்தால், எழுந்து போகவேண்டியவன் நீ. வரப்புத் தகராறிலோ, பூர்வீக வீட்டுப் பாகப்பிரிவினையிலோ பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் ஒரே ஆலயத்தில் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் உட்கார்ந்து திருவிருந்து எடுக்கும் ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன.

போகிறபோது என்ன பேசவேண்டும் என்பதையும் முன்னமே யோசித்துக்கொள்ளுங்கள். 'அண்ணாச்சி, நான் ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்' என்பது மன்னிப்புக் கேட்பது ஆகாது. அந்த 'ஏதாவது', 'இருந்தால்' இரண்டும் பொறுப்பைக் கேட்பவர்மேல் தள்ளிவிடுகின்றன. 'அண்ணாச்சி, பஞ்சாயத்தில் வைத்து நீங்கள் பணத்தை எடுத்ததாகச் சொன்னேன். அது உண்மையில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தப்புச் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். அவர் செய்த தவறுகளின் பட்டியலை அதே மூச்சில் எடுக்கக்கூடாது. பொய்யைப் பலர் முன்பாகச் சொல்லியிருந்தால், திருத்தத்தையும் அவர்கள் முன்பாகவே சொல்லவேண்டும். அவர் மன்னிக்காமல் கதவைச் சாத்தினாலும் உங்கள் பங்கு நிறைவேறியது. "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 சொல்லும் எல்லை அதுவே.

மூன்றாம் படி: காணிக்கைக்கு முன் கணக்கு

புதிய விசுவாசிகளுக்குச் சபையில் முதலில் கற்றுத்தரப்படுவது பெரும்பாலும் கொடுத்தல்தான்: தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை, பொருத்தனை, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கேட்டெடுப்பது எனப் பல வகை உண்டு. கொடுப்பது நல்லது. ஆனால் வேதாகமம் பணத்தைப் பற்றிச் சொல்வதில் காணிக்கை ஒரு பகுதி மாத்திரமே என்பதை யாராவது தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கூலிக்காரனின் கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. வயல்களை அறுத்த வேலைக்காரரிடமிருந்து பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. ஆகவே இந்த மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு தாளில் இந்த வரிசையில் எழுதுங்கள்: வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குத் தரவேண்டிய சம்பளம், அவர் கேட்கக் கூசி விட்டுவிட்ட பழைய பாக்கி இருந்தால் அது, கொத்தனாருக்கு நிறுத்திவைத்த மீதி, நண்பரிடம் வாங்கி அவர் மறந்துபோன கைமாற்று, மளிகைக் கடைப் பற்று. இவை தீர்ந்த பிறகு, அல்லது தீர்ப்பதற்கு ஒரு நாளைக் குறித்து அவர்களிடமே சொன்ன பிறகு, காணிக்கைக் கவரை எடுங்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டிய உதவியைக் 'கொர்பான்' என்று, அதாவது காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். சவுல் ராஜா கட்டளையை மீறி மிச்சம் வைத்த கொழுத்த ஆடுமாடுகளுக்குச் சொன்ன காரணமும் பலியிடுவதற்காக என்பதுதான். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" என்ற தீர்க்கதரிசி சாமுவேலின் பதில் அப்போது பிறந்தது.

கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படி இன்னும் கூர்மையானது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழி, இன்றைய மின்னணுத் தராசுக்கும், ரசீது போடாத விற்பனைக்கும், போகாத பயணத்துக்கு அலுவலகத்தில் எழுதும் பயணப்படிக்கும் அப்படியே பொருந்தும். ஏற்கனவே வாங்கிவிட்ட தொகை உறுத்தினால், வரி வசூலிக்கும் ஆயக்காரனான சகேயு செய்ததுதான் வழி. அவன் அழுததாக லூக்கா எழுதவில்லை. அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்னதாக எழுதியிருக்கிறார்.

நான்காம் படி: விசுவாசத்தைப் பகிராத வீட்டில்

குடும்பத்தில் தனியாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கே இந்தப் பகுதி. இதில் அவசரம் கூடாது. கிறிஸ்தவராவதற்கு முன் அம்மாவின் பேச்சைக் கேட்காதிருந்த மகன், கிறிஸ்தவரான பின்பும் கேட்காதிருந்து, அதற்கு இப்போது வசனமும் சொன்னால், அந்த வீட்டுக்கு நற்செய்தி எப்படி ஒலிக்கும்? பெற்றோருக்குக் கீழ்ப்படியவேண்டிய கட்டளையில் அவர்கள் எந்த மதத்தவர் என்ற நிபந்தனை இல்லை. தண்ணீர்க் குடம் எடுப்பது, அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்வது, தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் பங்கேற்பது ஆகியவற்றில் முன்னைவிட நீங்கள் ஒரு படி கூடுதலாக இருக்கவேண்டும். தன் வீட்டாரை விசாரியாதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது.

வழிபாடு தொடர்பான இடங்களில் எல்லை வரும். படையல் உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இன்றும் உதவும்: முன் வைக்கப்படுவதை விசாரணை செய்யாமல் சாப்பிடுங்கள், இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதிருங்கள். பந்தியில் உட்கார்ந்தபின் இலையைத் தள்ளிவைப்பதைவிட, முந்தின நாளே அம்மாவிடம், 'அம்மா, பூசைக்கு முன்னால் எடுத்துவைத்ததில் எனக்குக் கொஞ்சம் கொடுங்கள், உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்' என்று கேட்டுக்கொள்வது நல்லது. துக்க வீட்டில் சடங்கில் பங்கெடுக்க முடியாதென்றால், அந்த நேரத்தில் காணாமல் போய்விடாதீர்கள். பந்தல் போடுவது, உறவினர்களுக்குத் தகவல் சொல்வது, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது, கடைசிவரை உடன் நடப்பது என அங்கே செய்யவேண்டியவை ஏராளம்.

சில சிக்கல்களுக்கு உடனடி விடை கிடைக்காது. சீரியா நாட்டுப் படைத்தலைவன் நாகமான் குணமாகி விசுவாசத்துக்கு வந்தபின், தன் எஜமான் தன் கையின்மேல் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் குனியவேண்டியிருக்குமே என்று தீர்க்கதரிசி எலிசாவிடம் கேட்டான். எலிசா அவனுக்குப் பாடம் எடுக்கவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். இதை எதற்கும் அனுமதிச்சீட்டாகக் கொள்ளக்கூடாது. ஆனால் தனியாக நிற்கும் புதிய விசுவாசியை மற்றவர்கள் முதல் மாதத்திலேயே நெருக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஐந்தாம் படி: எங்கே கீழ்ப்படியக் கூடாது

கீழ்ப்படிதலைக் கற்பவர்கள் அதன் எல்லையையும் கூடவே கற்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த நல்ல குணத்தைப் பயன்படுத்திக்கொள்பவர்களின் கையில் சிக்குவார்கள். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்று பேதுரு சொன்னது ஆலோசனைச் சங்கத்தின் முன்பாக, அதாவது மதத் தலைவர்களின் முகத்துக்கு நேராக. ஆண்குழந்தைகளைக் கொன்றுபோடச் சொன்ன பார்வோனின் கட்டளையைச் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் மீறியதை யாத்திராகமம் முதல் அதிகாரத்திலேயே பெயரோடு பதிவுசெய்திருக்கிறது. பார்வோனின் பெயரை அது சொல்லவில்லை.

ஆகவே ஊழியக்காரர் ஒருவர், இன்னாரைத் திருமணம் செய், நகையை விற்று விதைக்காணிக்கை கொடு, மாத்திரையை நிறுத்திவிடு என்று 'கர்த்தர் சொன்னார்' என்ற முத்திரையோடு சொன்னால், "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற 1 தெசலோனிக்கேயர் 5:21-உம் ஒரு கட்டளைதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதை வீட்டாரிடமும் சபையின் மூப்பர்களிடமும் சொல்லிக் கேளுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சேர்த்துச் சொல்லியிருந்தால், அதுவே போதுமான எச்சரிக்கை. மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. அடிக்கிற கணவனுக்குப் பணிந்து பொறுத்துக்கொண்டிருப்பதே மனைவியின் கீழ்ப்படிதல் என்று சொல்பவர்கள், எபேசியர் 5-ஆம் அதிகாரத்தில் புருஷருக்குச் சொல்லப்பட்டதை வாசிக்காதவர்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வெளியேறிப் பாதுகாப்புத் தேடுவது பாவமல்ல. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைப்பதும் பாவமல்ல.

ஆறாம் படி: சபை முழுவதும் தயங்கும் இடம்

தனிமனிதக் கட்டளைகளைப் படிப்படியாகச் செய்து வரும்போது, ஒருநாள் சபையே சேர்ந்து தவிர்த்துவரும் கட்டளையின்முன் வந்து நிற்பீர்கள். தமிழ்ச் சபைகளில் அது பெரும்பாலும் சாதியாகவோ வரதட்சணையாகவோ இருக்கும்.

1833-இல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடுகளை உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடவேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையைவிட்டே விலகினார்கள். ஞானஸ்நானம் எடுத்தவர்கள், கீர்த்தனை பாடியவர்கள், பஞ்சத்திலும் விசுவாசத்தைக் காத்தவர்கள், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகவும் ஒன்றாக உட்காரவும் சொன்னபோது நின்றுவிட்டார்கள். அந்தக் கதை முடிந்துவிட்டதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். பிரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டங்களும், சாதிப் பெயரைக் கேட்கும் கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களும் அப்படிச் சொல்லவிடுவதில்லை. யாக்கோபு 2-ஆம் அதிகாரம் பட்சபாதத்தைப் பாவம் என்றே சொல்கிறது. குணக்குறை என்று மென்மையாகச் சொல்லவில்லை.

புதியவர் ஒருவர் இதில் என்ன செய்ய முடியும்? சபையைத் திருத்தும் பொறுப்பு உங்கள் தோளில் இல்லை. உங்கள் கைக்கு எட்டுவதைச் செய்யுங்கள். சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்தில் எப்போதும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தை விட்டு, வேறு தெருக்காரர் வரிசையில் போய் உட்காருங்கள். அந்தத் தெருவிலிருந்து யாரையாவது உங்கள் வீட்டு ஜெபத்துக்கு அழைத்து, நீங்கள் சாப்பிடும் அதே தட்டு வகையில் பரிமாறுங்கள். அவர்கள் அழைத்தால் போய்ச் சாப்பிடுங்கள். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ வரன் பேசும்போது சாதியைக் கேட்காதீர்கள். வரதட்சணையைப் பொறுத்தவரை ஆவிக்குரிய யோசனைக்கே இடமில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 'நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்பதும் கேட்பதுதான். 'எதுவும் வேண்டாம்' என்று வாயால் சொல்லி, கொண்டுவந்தால் திருப்பியனுப்பவும் வேண்டும். இந்தப் படியில் உறவினர்களின் கோபம் நிச்சயம் வரும். அதற்கு முன்கூட்டியே தயாராகுங்கள்.

தவறிவிட்டால்

தவறுவீர்கள். 1 யோவான் 1:9-இன்படி பாவத்தை அறிக்கையிடுங்கள். மொத்தமாக 'என் எல்லாக் குறைகளையும்' என்று சொல்லாமல், செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். யாருக்காவது நஷ்டம் ஏற்பட்டிருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். பிறகு குறிப்பேட்டில் அதே வசனத்துக்கு நேரே புதிய நாளை எழுதுங்கள். பல வாரங்களாக ஒரே இடத்தில் தவறினால், நம்பத்தகுந்த ஒருவரிடம் சொல்லி, வாரம் ஒருமுறை உங்களைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் ஊரெல்லாம் சொல்லாதவராகவும், உங்களைப் புகழ்வதில் ஆர்வமில்லாதவராகவும் இருக்கவேண்டும். ஆண்கள் ஆணிடமும் பெண்கள் பெண்ணிடமும் சொல்வது நம் ஊர்ச் சூழலில் பாதுகாப்பானது.

தேவசித்தம் தெரியவில்லை என்பவர்களுக்கு

எந்த வேலைக்குப் போவது, எந்த ஊரில் குடியேறுவது என்ற கேள்விகளுக்கு வேதாகமத்தைக் கண்மூடித் திறந்து விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வேண்டாம். இரண்டு வேலைகளும் நேர்மையானவையானால், ஜெபித்து, விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு, சம்பளத்தையும் குடும்ப நிலையையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதற்கிடையில் இன்று தெளிவாகத் தெரிந்திருக்கும் தேவசித்தம் ஒன்று உங்கள் குறிப்பேட்டில் ஆளின் பெயரோடும் நாளோடும் காத்திருக்கிறது. அதை முதலில் செய்துவிடுங்கள்.

மலைப்பிரசங்கத்தில் நீங்கள் குறித்த கட்டளைகளைச் செய்து முடிக்க எப்படியும் பல மாதங்கள் ஆகும், அவசரப்பட வேண்டாம். அடுத்து யாக்கோபின் நிருபத்தை எடுங்கள்: ஐந்து அதிகாரங்கள், 108 வசனங்கள், அதிலும் நாவைப் பற்றிய மூன்றாம் அதிகாரத்துக்குக் கூடுதல் நாட்கள் ஒதுக்குங்கள். அதன்பின் ரோமர் 12 முதல் 15 வரை. மூன்றையும் முடித்தவர்கள், முதல் குறிப்பேட்டில் 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதாமல் விட்ட கட்டளைகளுக்குத் திரும்பலாம்.